வடகிழக்கில் ஆடிய முள்

பிப்ரவரி மாதம், ஒரு புதன்கிழமை காலை, ஜாஹிதாவின் கையில் மெமோவைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். சுற்றி வளைத்து எழுதியிருந்தாலும் கேள்வி ஒன்றுதான். கருவியைப் பார்த்து எழுதினீர்களா, பார்க்காமலே எழுதினீர்களா?

ஜாஹிதாவுக்கு முப்பத்தாறு வயது. பழவேற்காட்டில் பிறந்தவர். வாப்பா உமர் பாரூக் அங்கே மீன்வலையும் கயிறும் விற்கிறார். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இன்வர்ட்டர் கம்பெனியில் நான்கு வருடம் சால்டரிங் புகையைக் குடித்தார். பிறகு ஒப்பந்த வேலையாக இந்த நிலையத்துக்கு வந்தார். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கணவர் அஹ்சன், மகள் சமீனாவோடு குடியிருப்பது மீஞ்சூரில். காலையில் மின்சார ரயில், கவரைப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ, கடைசி அரை கிலோமீட்டர் நடை.

நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற நிலத்துக்கு நடுவே சுற்றுச்சுவர் போட்ட ஒன்றரை ஏக்கர். நடுவில் ஓர் அறை, அதன் மேல் வட்டமான இரும்புத் தளம், தளத்தின் மேல் கவிழ்த்த டம்ளர் மாதிரி வெள்ளைக் கூண்டு. ஊரில் அதற்குப் பெயர் 'பிளேன் ஊடு', அதாவது பிளேன் வீடு. அங்கே பிளேன் எதுவும் இறங்குவதில்லை. மேலே போகிற பிளேன்களுக்குத் திசை சொல்வதுதான் அதன் வேலை.

சொல்லும் விதத்தைப் பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். விளக்கின் ஒளிக்கற்றை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது வடக்கைத் தொடும் ஒவ்வொரு முறையும் இன்னொரு விளக்கு எல்லாத் திசைக்கும் ஒரே நேரத்தில் மின்னுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி, கற்றை உங்கள் முகத்தில் படும்வரை எண்ணினால், விளக்குக்கு எந்தத் திசையில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். இந்த நிலையம் ஒளிக்குப் பதிலாக வானொலி அலையைக் கொண்டு அதையே செய்கிறது, நொடிக்கு முப்பது சுற்று. விமானத்துக்குள் இருக்கும் கருவி எண்ணிப் பார்த்து ஒரு முள்ளை நகர்த்துகிறது. இதற்கு வி.ஓ.ஆர். என்று பெயர். பக்கத்திலேயே டி.எம்.இ. என்று இன்னொரு பெட்டி. விமானம் ஒரு துடிப்பை அனுப்பும், பெட்டி பதில் துடிப்பு அனுப்பும், போய் வந்த நேரத்தை வைத்து விமானம் தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

இரண்டுக்கும் குறைகள் உண்டு. தாழப் பறக்கிற விமானத்துக்கும் மலைக்குப் பின்னால் இருக்கிற விமானத்துக்கும் கேட்காது. தலைக்கு நேர் மேலே வந்தால் முள் குழம்பிவிடும். தூரப் பெட்டி சாய்வாகத்தான் அளக்கும். பத்து கிலோமீட்டர் உயரத்தில் நிலையத்துக்கு மேலேயே பறக்கிறவரிடமும் பத்து கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகவே சொல்லும். எல்லாவற்றிலும் மோசமானது எதிரொலி. அலை வழியில் ஓர் உலோகத்தில் பட்டுத் திரும்பிவிட்டால், விமானத்துக்கு ஒரே செய்தி இரண்டு இடத்திலிருந்து வரும். இரண்டில் எது நிஜம் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. இரண்டையும் கலந்து ஒரு பொய்யைக் காட்டும்.

இதெல்லாம் பழைய கருவிதானே, செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் செயற்கைக்கோள் சமிக்ஞை தரைக்கு வந்து சேரும்போது மிகப் பலவீனமாக இருக்கும். அதைக் கெடுப்பதும் எளிது, போலியாக ஒன்றை அனுப்பி ஏமாற்றுவதும் எளிது. அப்படி ஏமாந்துவிட்டோமோ என்று சந்தேகப்படுகிற விமானி முதலில் திரும்பிப் பார்ப்பது தரையில் நிற்கும் இந்த வெள்ளைக் கூண்டைத்தான்.

அந்தக் கூண்டின் மேலேயே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. வடகிழக்கிலிருந்து கடலைத் தாண்டி வரும்போது முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது, சில சமயம் நான்கு டிகிரி வரை என்று ஒரே மாதத்தில் மூன்று விமானிகள் சொல்லியிருந்தார்கள். ஜாஹிதாவின் பதிவேட்டிலோ பிழை 0.2 டிகிரி. காலை 0.2, மதியம் 0.2, மாலை 0.2. அறுபது நாளாக அதே எண்.

மெமோவோடு பொறியாளர் சந்திரமோகனும் சென்னையிலிருந்து வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. சந்தேகப்படுவதையே நல்ல பழக்கம் என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருப்பவர்.

"மேடம், ஒரு நாளாவது 0.3 வந்திருக்கக் கூடாதா? எங்க வீட்டு சுவர்க் கடிகாரமே மாசத்துக்கு ரெண்டு நிமிஷம் மாறுது."

"உங்க வீட்டுக் கடிகாரத்துக்கு ரெண்டு ஏசி போட்டிருக்கீங்களா சார்? இதுக்குப் போட்டிருக்கு. மாறாது."

"அப்ப மூணு பைலட்டும் பொய் சொல்றாங்க."

"அவங்களும் பொய் சொல்லல. நானும் சொல்லல."

"அதெப்படி?"

எப்படி என்று இருவருக்குமே தெரியும். அலை சரியாகப் போகிறதா என்று பார்க்கும் கண்காணிப்புக் கம்பம் சுவருக்குள்ளேயே, தெற்குப் பக்கம், ஒரே இடத்தில் நிற்கிறது. அதன் திசையில் என்ன வருகிறதோ அதைத்தான் அது சொல்லும். மற்ற திசைகளுக்காக மாதம் ஒருமுறை கையடக்கக் கருவியோடு அறையைச் சுற்றி நட்டிருக்கும் பதினாறு முளைகளிலும் நின்று அளக்க வேண்டும். ஜாஹிதா அளந்திருந்தார். அதுவும் சரியாகவே இருந்தது. பக்கத்தில் நின்று பேசுகிறவரின் குரல் உரக்கக் கேட்கும்போது தூரத்து எதிரொலி காதில் விழாது. அதனால் வெளியே உலோகம் ஏதாவது புதிதாக வந்திருந்தால் அந்த முளைகளில் தெரியாமலும் போகலாம்.

"வெளிய நான் பாத்துட்டேன்" என்றார் சந்திரமோகன். காலையிலேயே சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு நடை நடந்திருந்தார். கையில் இருந்த குறிப்பைப் படித்துக் காட்டினார். "தெற்கே நெல். மேற்கே தரிசு. வடக்கே, வடகிழக்கே கடலை, துணி வேலி. ஷெட் இல்ல, டவர் இல்ல, புதுசா கரண்டு கம்பி இல்ல. வெளிய தப்பு இல்லைன்னா உள்ள தப்பு. உள்ள தப்புன்னா, நீங்க அந்தப் பதினாறு முளையையும் சுத்தியிருந்தா தெரிஞ்சிருக்கணும்."

ஜாஹிதா பதிவேட்டை மூடினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒரு நாள் கூட பாக்காம எழுதினதில்லையா?"

அதற்கு ஜாஹிதா பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சந்திரமோகன் தன் குறிப்பில் எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் மனதில் எழுதிக்கொண்டார் என்பது அவர் பேனாவை மூடிய விதத்தில் தெரிந்தது.

நவம்பர் பதினான்காம் தேதி சமீனாவுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது மணி இரண்டரை. மாலை ஐந்து மணிக்கான 0.2-ஐ அப்போதே எழுதிவிட்டு ஜாஹிதா கிளம்பினார். ஒன்பது வருடத்தில் அந்த ஒரு தடவைதான். அதைச் சொன்னால் மற்ற எல்லா நாளும் பொய்யாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

மார்ச் முப்பத்தொன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. 'பார்க்காமல் எழுதியவர்' என்று ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால் இந்த நிலையம் மட்டுமல்ல, எந்த நிலையமும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது. அடுத்த வியாழக்கிழமை சோதனை விமானம் வருகிறது. நிலையத்தைச் சுற்றிப் பறந்து ஒவ்வொரு திசையையும் அளக்கும். முள் அப்போதும் ஆடினால் வி.ஓ.ஆரை அணைத்துவிடுவார்கள். அதுவரைக்கும் வடகிழக்குப் பக்கம் இந்த நிலையத்தை நம்ப வேண்டாம் என்று விமானிகளுக்கு அறிவிப்பு போய்விட்டது. அந்த அறிவிப்பின் நகலை ஜாஹிதா நான்கு முறை படித்தார். நம்ப வேண்டாம் என்பது தன்னைச் சொன்ன மாதிரியே இருந்தது.

ஆக, வேறொரு காரணம் வேண்டும். காரணம் என்றால் ஓர் ஆள்.

முதல் சந்தேகம் காவலாளி குப்புராஜ் மேல் விழுந்தது. ஐம்பது வயதுக்காரர், நிலையத்தின் பின்பக்கம் ஓர் அறையில் இருக்கிறார். சுவருக்கும் வேப்பங்கன்றுக்கும் நடுவே துணி காயப் போட ஒரு கம்பி கட்டியிருந்தார். எட்டு மீட்டர் நீளம். வியாழக்கிழமை காலை ஜாஹிதா அதன் கீழே போய் நின்றார்.

"குப்பு அண்ணா, இது எப்பக் கட்டினது?"

"ஏன்மா?"

"சொல்லுங்களேன்."

"பொங்கலுக்கு. கொடிக்கயிறு அறுந்து பூட்ச்சி, கம்பியாக் கட்டினேன். இன்னா இப்போ?"

"அவுத்துடுங்க."

குப்புராஜ் அவிழ்த்தார். ஈர லுங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஜாஹிதாவை ஏற இறங்கப் பார்த்தார். "என் லுங்கியப் பாத்துதான் பிளேன் வழி தவறிச்சுன்னு எழுதப் போறியா?"

வெள்ளிக்கிழமை நான்காவது விமானி புகார் சொன்னார். முள் அப்படியேதான் ஆடியது. குப்புராஜ் இரண்டு நாள் ஜாஹிதாவோடு டீ குடிக்க வரவில்லை. மூன்றாம் நாள் அவராகவே வந்து ஒரு பெயரைச் சொன்னார். "என் மேல சந்தேகப்பட்டியே, அந்தாண்ட பூவராகவன எட்டிப் பாத்தியா? நம்ம மேல காண்டுல கீறாரு அவரு."

பூவராகவனுக்குக் காண்டு உண்டு, அது உண்மை. வடகிழக்குச் சுவரை ஒட்டி நான்கு ஏக்கர் அவருடையது. சுவரில் அறிவிப்புப் பலகை இருக்கிறது: இவ்வளவு தூரத்துக்குள் கட்டடம் கட்டக் கூடாது, இவ்வளவு உயரத்துக்கு மேல் மரம் வளர்க்கக் கூடாது. அதனால் கிணற்றடியில் அவருடைய தென்னை இரண்டை வெட்டச் சொன்னார்கள். அதிலிருந்து கடலை பொக்கையாகப் போனாலும், பசு சினை பிடிக்காவிட்டாலும், அவருக்குக் காரணம் பிளேன் ஊடுதான்.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு ஜாஹிதா சுவருக்கு வெளியே போய் வரப்பில் நின்றார். மெமோவுக்குப் பதில் எழுத இரண்டு நாள் மிச்சம் இருந்தது.

எதிரே வேலி. ஏரிப் பக்கத்துப் புதரிலிருந்து காட்டுப்பன்றி வந்து கடலையைத் தோண்டித் தின்கிறது என்று இந்தப் பக்கம் எல்லோரும் பழைய சேலையைக் கட்டி வேலி போடுவார்கள். காற்றில் ஆடுகிற துணியைக் கண்டால் பன்றி மிரளும் என்பது நம்பிக்கை. பூவராகவன் முதலில் கட்டினார். அதைப் பார்த்து அக்கம்பக்கத்துக் கடலைக் கொல்லைக்காரர்கள் மூவரும் கட்டினார்கள். பச்சை, மஞ்சள், பூப்போட்டது, யாருடைய கல்யாணத்துக்கோ எடுத்த அரக்கு. நானூறு மீட்டருக்குச் சேலை. கிட்டத்தட்ட ஒன்பது வருடமாகக் கடலை பருவத்தில் ஜாஹிதா தினமும் பார்த்துக்கொண்டு போகிற காட்சிதான். துணிக்கும் வானொலி அலைக்கும் பகை இல்லை. சந்திரமோகன் எழுதியது சரி.

அவர் திரும்பப் போகும்போது ஓர் இரட்டைவால் குருவி வந்து அரக்குச் சேலையின் மேல் விளிம்பில் உட்கார்ந்தது.

சேலை தொய்யவில்லை.

ஜாஹிதா நின்றார். இரண்டு கழிக்கு நடுவே கட்டிய சேலை நடுவில் தொங்கும். வீட்டுக் கொடியில் பார்க்காததா? இங்கே காற்றடித்தது, சேலையின் நடுப்பாகம் பாய் மாதிரி உப்பியது. ஆனால் மேல் விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. கீழ் விளிம்பும் அப்படியே.

கிட்டே போய் விளிம்பை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். மடித்துத் தைத்திருந்தது. மடிப்புக்குள் ஏதோ கெட்டியாக ஓடியது.

"இன்னாமா, பொடவ எடுக்க வந்தியா?"

கிணற்றுப் பக்கமிருந்து பூவராகவன் வந்துகொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி சுமலதா, கையில் களைக்கொத்தோடு.

"அண்ணா, இதுக்குள்ள கம்பி இருக்குதா?"

"கம்பியா? எங்க கம்பி? பொடவ அது."

"கையில தட்டுப்படுது."

"கயிறு. நைலான் கயிறு. நீ போய் உன் வேலயப் பாரு."

ஜாஹிதாவின் கண் கழிகளுக்குப் போனது. ஒவ்வொரு கழியிலும் சேலை முடிச்சுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தது. கயிற்றுக்கு யாரும் ரப்பர் சுற்றுவதில்லை. மின்சாரம் விடுகிறவர்கள்தான் சுற்றுவார்கள். பன்றிக்குக் கரண்டு வைத்து ஆள் செத்த கதைகள் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பூவராகவனும் ஜாஹிதாவின் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார்.

"வழுக்காம இருக்கச் சுத்தினது" என்றார், கேட்காத கேள்விக்கு.

அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று ஜாஹிதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தன்னை மின்சார வாரியத்துக்கு எழுதிப் போட வந்தவளாக நினைக்கிறார். ரப்பர் வழுக்காமல் இருக்கத்தான் என்று அவர் சொன்னதை ஜாஹிதா நம்பவில்லை. ஆனால் அதைக் கிளறினால் கம்பி விஷயம் வாயிலிருந்து வராது.

"நான் கரண்டு பத்திக் கேக்கல. கம்பி இருந்தா எங்க வேலை கெடுது. அத்த மட்டும்தான் கேக்கறேன்."

"உயரமா கட்டக்கூடாதுன்னுதான் போர்டுல போட்டுகினு கீது. இடுப்பளவு வேலி இது. தென்னைய வெட்டினீங்க. இப்போ பொடவையையும் அவுக்கச் சொல்றியா? நாளைக்கு வேட்டியும் அவுக்கச் சொல்லுவ."

சுமலதா கீழே பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

ஜாஹிதா நிலையத்துக்கு ஓடினார். அலமாரியிலிருந்து கையடக்கக் கருவியை எடுத்தார். கருவி சுற்றுச்சுவரைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்கு வேறு மெமோ வரலாம். சாட்சிக்கு இருக்கட்டும் என்று குப்புராஜையும் கூப்பிட்டார்.

"நான் எதுக்கு?"

"உங்க லுங்கி மேல தப்பு இல்லன்னு நிரூபிக்க."

குப்புராஜ் செருப்பை மாட்டிக்கொண்டார்.

முதலில் மேற்குத் தரிசுக்குப் போனார்கள். வெள்ளைக் கூண்டிலிருந்து நேராக விலகிப் போகிற ஒரு மாட்டுவண்டித் தடம் அங்கே உண்டு. கணக்கு எளிது: கூண்டிலிருந்து ஒரே கோட்டில் விலகி நடக்கிறவரை திசை மாறாது, ஆகவே திரையில் எண்ணும் மாறக் கூடாது. நூறு அடி நடந்தார்கள். 271. இருநூறு அடி. 271. குப்புராஜுக்கு அலுத்துவிட்டது.

பிறகு வடகிழக்கு. பூவராகவனின் நடு வரப்பும் கூண்டிலிருந்து நேராகத்தான் போகிறது. சேலை வேலிக்கு இப்பால் 48. வேலியின் இடைவெளியில் நுழைந்து அந்தப் பக்கம் போனதும் 50. பத்தடியில் 46. இன்னும் பத்தடியில் 49. அப்புறம் 45. விமானியின் முள் வானத்தில் ஆடிய ஆட்டத்தை அந்தச் சின்னத் திரை வரப்பு மேலே ஆடிக் காட்டியது.

பின்னாலேயே வந்த பூவராகவன், சுமலதா பக்கம் ஜாஹிதா திரையைத் திருப்பினார்.

"பாருங்க அண்ணா, இங்கதான்..."

"நீ அத்த எங்கியோ அமுக்கி மாத்துற" என்றார் பூவராகவன்.

"நீங்களே பிடிங்க."

"நான் புடிச்சா உள்ள ஏதோ செட்டிங் பண்ணி வெச்சிருப்ப."

"இன்னா நைனா நீ" என்றார் குப்புராஜ். "இந்தம்மா என் லுங்கியவே நம்பல. உன்னாண்ட மட்டும் பொய் சொல்லுமா?"

கடைசியில் சுமலதா களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "குடு பாப்பா, நான் புடிக்கிறேன். எனக்கு ரெண்டு பேர் மேலயும் நம்பிக்க இல்ல."

ஜாஹிதா இருபதடி தள்ளிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுமலதா வரப்பில் நடந்து எண்ணை உரக்கப் படித்தார். நாப்பத்தாறு. அம்பது. நாப்பத்தஞ்சு. திரும்பி வந்தார். மறுபடியும் நடந்தார். பிறகு புருஷனைப் பார்த்துக் கேட்டார். "கம்பிதான் வெச்சோம்னு சொல்லிட்டா இன்னாய்யா? போன வருசம் கயிற எலி கடிச்சிப் போட்ச்சின்னு நீதான இந்த வாட்டி சிப்காட் காயலாங்கடையில கம்பி வாங்கினாந்த. பொடவ வழுக்குதுன்னு நான்தான ஓரத்த மடிச்சித் தெச்சேன். நாலு கொல்லைக்கும் தெச்சேன். இதுல ஒளிக்க இன்னா கீது?"

பூவராகவன் ஒளித்தது என்னவென்று அவர் வாயால் சொல்லவில்லை. கழியில் சுற்றிய ரப்பரை மட்டும் ஒருமுறை பார்த்தார்.

"கயிறா மாத்திட்டீங்கன்னா நான் எழுதறதுக்கு ஒரு விஷயம்தான் இருக்கும்" என்றார் ஜாஹிதா. "கம்பியாவே இருந்தா, கண்ணுல பட்டது எல்லாத்தையும் எழுத வேண்டி வரும். ஆள் செத்தா அப்புறம் எழுதி என்ன பிரயோஜனம்?"

பிறகு பூவராகவன் கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரைக் காட்டினார். காய் இன்னும் முற்றவில்லை. "பன்னி வந்தா?"

"எங்க வாப்பா கடையில பழைய வலைக்கயிறு கீது. உப்பு ஊறினது. எலி வாய வெக்காதுன்னு சொல்லுவாரு."

"சொல்லுவாரு. கடைக்காரரு சொல்லுவாருதான்."

ஆனாலும் முதல் கழியிலிருந்து கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தவர் அவர்தான். பாதி வேலியை அவிழ்த்துத் தரையில் படுக்க வைத்ததும் சுமலதா மறுபடி நடந்தார். நாப்பத்தேழு. நாப்பத்தெட்டு. நாப்பத்தொம்பது. நாப்பத்தெட்டு. ஆட்டம் பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. மீதியை அவிழ்க்க வேண்டாம் என்று ஜாஹிதா தடுத்தார். பொறியாளர் வந்து தன் கண்ணால் பார்க்காத வரை இது நடக்கவே இல்லை என்று அவருக்குத் தெரியும்.

போனில் சந்திரமோகனின் முதல் கேள்வி: "கருவிய வெளிய எடுத்துட்டுப் போக யார் சொன்னது?"

செவ்வாய்க்கிழமை வந்தார். ஷூவில் சேறு ஏற வரப்பில் நடந்தார், தன் சொந்தக் கருவியோடு. கம்பி இருக்கிற பக்கம், இல்லாத பக்கம், மறுபடி இருக்கிற பக்கம். ஒரு சேலை விளிம்பைக் கிள்ளிப் பார்த்தார். போன வாரம் 'துணி வேலி' என்று எழுதிய இடத்தை நோட்டில் தேடி எடுத்து, அதை அடிக்காமல், பக்கத்தில் சின்னதாக 'கம்பியுடன்' என்று சேர்த்தார்.

அன்று மாலையே உமர் பாரூக் அனுப்பிய கயிற்றுக் கட்டுகள் ஷேர் ஆட்டோவின் கூரையில் வந்தன. மீன் வாடை அடித்தது. "பன்னி வராதோ இல்லையோ, பூனை வரும்" என்றார் குப்புராஜ். புதன்கிழமை மதியத்துக்குள் நாலு கொல்லையிலும் கம்பியை உருவிவிட்டுக் கயிற்றைக் கோத்தார்கள். டியூப் துண்டுகள் எதுவும் கழியில் இல்லை. எப்போது எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அன்றே விளக்கக் கடிதத்துக்கும் கடைசி நாள். ஜாஹிதா இரண்டு பக்கம் எழுதினார். வேலி, கம்பி, வரப்பில் எடுத்த எண்கள், சாட்சிகள். கையெழுத்துப் போடும் முன் பேனா நின்றது. இதை இப்படியே அனுப்பினால் அவர் தப்பித்துவிடுவார். ஆனால் அன்று சந்திரமோகன் கேட்ட ஒரு கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: நவம்பர் பதினான்கு, மாலை ஐந்து மணிப் பதிவு, கருவியைப் பார்க்காமல் எழுதப்பட்டது. காரணம் எழுதவில்லை.

வியாழக்கிழமை பத்தரை மணிக்குச் சோதனை விமானம் வந்தது. சின்ன விமானம். கூண்டை மையமாக வைத்து அகலமாக ஒரு வட்டம், பிறகு கடல் பக்கம் போய் வடகிழக்குக் கோட்டிலேயே நேராகத் திரும்பி வந்தது. ஊர் பாதி வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்தது. பூவராகவன் மட்டும் விமானத்தைப் பார்க்காமல் ஜாஹிதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றே காலுக்குச் சந்திரமோகனின் போனுக்கு அளவு வந்தது. வடகிழக்கில் அதிகபட்ச ஆட்டம் ஒரு டிகிரிக்கும் கீழே. அவர் போனைச் சட்டைப் பையில் வைத்தார். வாழ்த்துச் சொல்வார் என்று குப்புராஜ் எதிர்பார்த்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். சேலைக்குள்ள கம்பி இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமை சார்."

"அதுக்கு முன்னாடி?"

"தெரியாது."

"தினமும் அந்த வழியாத்தானே வர்றீங்க?"

"நீங்களும் அந்த வழியா நடந்தீங்களே சார், போன வாரம் புதன்கிழமை."

சந்திரமோகன் சிரிக்காமல் நிலையத்துப் பக்கம் திரும்பி நடந்தார்.

மார்ச் கடைசியில் கடிதம் வந்தது. பதிவேடு பொய் என்ற குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. ஒப்பந்தம் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது. வழக்கமாக மூன்றாண்டு தருவார்கள். நவம்பர் பதினான்குக்கு ஓர் எச்சரிக்கை. இனிமேல் மாலைப் பதிவில் காவலாளியும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வடகிழக்கை நம்ப வேண்டாம் என்ற அறிவிப்பை அதற்கு முன்பே விலக்கிவிட்டார்கள்.

குப்புராஜ் இப்போது மாலை ஐந்து மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே வருகிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே குனிகிறார். ஜாஹிதா எண்ணைச் சொன்னால் கோபம் வருகிறது. "நீ சொல்லாத. நானே பாக்கணும்" என்கிறார். பார்த்துவிட்டு, பதிவேட்டில் ஜாஹிதா எழுதியதை ஒருமுறை, திரையை ஒருமுறை, மறுபடி பதிவேட்டை ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறார்.

ஜாஹிதாவும் பதிவேட்டில் யாரும் சொல்லாமலே ஒரு பத்தி சேர்த்திருக்கிறார். அதன் தலைப்பு 'வேலி'. காலையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, நேராக நிலையத்துக்குள் போகாமல், சுவரைச் சுற்றி வருகிறார். பத்து கழிக்கு ஒரு இடத்தில் நின்று சேலையின் விளிம்பைக் கிள்ளுகிறார். மென்மையாக நசுங்கினால் அடுத்த இடம்.

அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு பூவராகவன் கிணற்று மேட்டிலிருந்து கேட்டார். "இன்னாமா, இன்னிக்கும் கயிறுதான?"

"கயிறுதான் அண்ணா."

"நேத்தும் பாத்த."

"நேத்தும் கயிறுதான்."

"அப்புறம் இன்னாத்துக்குத் தெனம் கிள்ளிப் பாக்குற?"

ஜாஹிதா அடுத்த கழிக்கு நகர்ந்தார். அது அந்த அரக்குச் சேலை. கிள்ளினார், நசுங்கியது. கைப்பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்து, 'வேலி' பத்திக்காக அங்கேயே நின்று எழுதினார். பார்த்துவிட்டு எழுதுவதைப் பூவராகவன் பார்க்கட்டும் என்றுதான்.